அடுப்புக்கு முன் ஒரு சிவப்புக் கோடு: பிள்ளைகளோடு வீட்டில் காய்கறிச் சமோசா

அம்பாங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, தரையில் சிவப்பு நாடா ஒன்று ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தரை உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். உடையவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் ஒன்பது வயது மகனும் ஆறு வயது மகளும் என்னோடு உட்கார்ந்து சமோசா செய்வார்கள். மாவு, உருளைக்கிழங்கு, மடிப்பு, எண்ணிக்கை எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். எண்ணெய்ச் சட்டி அந்தப் பக்கம். சட்டி சூடாக இருக்கும்வரை அவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. சூடான கரண்டியோடு நானும் தாண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது. இந்த இரண்டாவது சட்டம் மகள் போட்டது.

கோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. நான் பிறந்து வளர்ந்தது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். எனக்கு ஏழு வயது. தீபாவளிக்கு முந்தின நாள் லயத்து வீட்டு அடுப்பங்கரையில் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். உதவி செய்கிறேன் என்று போய், கழுவிய கரண்டியை ஈரத்தோடு அப்படியே எண்ணெயில் விட்டுவிட்டேன். எண்ணெய் சீறிக்கொண்டு வந்து வலக்கை மணிக்கட்டில் தெறித்தது. அம்மா பதறிப்போய் பற்பசையை அப்பினார். அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, பற்பசை போதாது என்று அதன்மேல் கிச்சாப்பையும் ஊற்றினார். இரண்டுமே செய்யக் கூடாதவை என்று எனக்குத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்து.

வடு இன்னும் இருக்கிறது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அன்றோடு "இனிமே அடுப்பு பக்கம் வராதே" என்று அம்மா சொல்லிவிட்டார். அதுதான் பெரிய இழப்பு. அண்ணனுக்கு ஆண் பிள்ளை என்பதால் ஏற்கெனவே தடை. ஆக, இரண்டு பிள்ளைகள் இருந்தும் அம்மாவின் கைப்பக்குவம் ஒருவருக்கும் வரவில்லை. அவர் எதையும் எழுதி வைத்தவரும் இல்லை. எழுதியிருந்தாலும் கையளவு, கண்ணளவு என்றுதான் எழுதியிருப்பார். அவர் போன பிறகு பல ஆண்டுகள் எங்கள் வீட்டுத் தீபாவளிக்குக் கடைப் பலகாரம்தான்.

பிள்ளைகளை அடுப்பங்கரைக்கு வெளியே நிறுத்துவது ஒரு வழி. "பழகட்டும்" என்று சொல்லி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க விடுவது இன்னொரு வழி. பல வீடுகளில் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. நான் தேடியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அதற்குச் சமோசா மாதிரி தோதான பலகாரம் வேறு இல்லை. காரணம் சாதாரணமானது. வடையைத் தட்டி உடனே எண்ணெயில் விட வேண்டும். முறுக்கைச் சட்டிக்கு நேர் மேலேயோ பக்கத்திலோ பிழிய வேண்டும். பஜ்ஜியை மாவில் தோய்த்த கையோடு போட வேண்டும். இவற்றில் எல்லாம் கைவேலையும் கொதிக்கும் எண்ணெயும் ஒரே நேரத்தில் நடக்கும். சமோசா அப்படி இல்லை. அடுப்பே பற்ற வைக்காமல், மேசையில், ஆறிய பொருள்களைக் கொண்டு முழுப் பலகாரத்தையும் முடித்துவிடலாம். பொரிப்பது கடைசி வேலை. அதைப் பிள்ளைகள் வெளியே விளையாடப் போன பிறகு செய்யலாம், மறுநாள்கூடச் செய்யலாம்.

சமோசா நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தமிழ்ப் பலகாரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அரபு, பாரசீகப் பகுதிகளிலிருந்து வடஇந்தியாவுக்கு வந்தது அது. 14ஆம் நூற்றாண்டில் டில்லியில் முகமது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தைப் பற்றி எழுதிய இப்னு பதூதா, கொத்திய இறைச்சி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலை ஆகியவற்றை மெல்லிய தோலில் பொதிந்து நெய்யில் பொரித்ததைக் குறிப்பிடுகிறார். அதில் உருளைக்கிழங்கு இல்லை. இருக்கவும் முடியாது, தென் அமெரிக்கக் கிழங்கான அது போர்த்துகீசியர் கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகுதான் இந்தியாவுக்கே வந்தது. ஆகவே நாம் இன்று சைவ சமோசா என்று சொல்வது, அரண்மனைப் பண்டம் ஏழை வீட்டுக்கு இறங்கி வந்தபோது எடுத்த வடிவம் என்று சொல்லலாம். இங்கே அது கறிபாப்புக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் உட்கார்ந்திருக்கிறது. எதையாவது எதற்குள்ளாவது பொதிந்து சாப்பிடுவது அம்பாங்கிற்குப் புதிதல்ல. வெண்டைக்காயிலும் மிளகாயிலும் மீன் மசியலை அடைக்கும் யோங் தாவ் ஃபூவுக்குப் பேர் போன ஊர் இது.

சரி, வேலைக்கு வருவோம்.

பூரணத்துக்கு உருளைக்கிழங்கு 400 கிராம், அதாவது நடுத்தர அளவில் மூன்று. கேரட் ஒன்று, பச்சைப் பட்டாணி அரைக் கோப்பை, பெரிய வெங்காயம் ஒன்று, கறிவேப்பிலை இரண்டு கொத்து, சோம்பு அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் தூள், உப்பு. காரம் தாங்காத பிள்ளைகள் இருந்தால் கறித்தூளைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பெரியவர்கள் தொட்டுக்கொள்ளச் சில்லி சாஸ் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தான் செய்ததைத் தானே சாப்பிட முடியாமல் போனால் அடுத்த முறை கூப்பிட்டாலும் வராது.

பூரணத்தில் ஒரே ஒரு எதிரிதான்: ஈரம். முதல் முறை நாங்கள் செய்தபோது இருபதுக்குப் பன்னிரண்டு சமோசா சட்டிக்குள் வாயைப் பிளந்தன. "அலாமாக், ம்மா, வெடிச்சிருச்சு!" என்று கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மகன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. உறைபெட்டிப் பட்டாணியை உருகவிடாமல் அப்படியே போட்டிருந்தேன். அதன் தண்ணீர் பூரணத்தில் இறங்கி, எண்ணெயில் நீராவியாகி, வெளியேற வழி தேடித் தோலைக் கிழித்துவிட்டது. அதனால் இப்போது உருளைக்கிழங்கைத் தோல் உரிக்காமல் முழுதாகவே வேக வைக்கிறோம். வெட்டி வேக வைத்தால் அது தண்ணீரைக் குடிக்கும். வெந்ததும் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். ஆறிய கிழங்கு இறுகி உதிரியாக வரும். சுடச்சுட மசித்தால் களியாகிவிடும். பட்டாணியை உருகவைத்துத் துணியால் ஒற்றி எடுத்து, வெங்காயம், கேரட்டோடு ஈரம் வற்றும்வரை வதக்குகிறேன். கறித்தூளைக் கடைசியில் போட்டு அதன் பச்சை வாசனை போனதும் உருளைக்கிழங்கைச் சேர்த்து, சட்டியின் அடியில் ஒட்டத் தொடங்கும்போது இறக்கிவிட வேண்டும். பூரணம் கைபொறுக்கும் சூட்டில் இருந்தாலும் போதாது, முழுதாக ஆற வேண்டும். சூடான பூரணம் தோலுக்குள் வியர்க்கும்.

இந்தக் கட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளைக்கு நிறைய வேலை இருக்கிறது. ஆறிய கிழங்கின் தோலை உரிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. கத்தி வேண்டாம், விரல் போதும். பிறகு கையாலேயே மசிப்பது. கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவுவது. உரித்த பட்டாணி கிடைத்தாலும் அதை வாங்காமல், கிடைக்கும் நாளில் தோலோடு வாங்கி வந்து உரிக்கக் கொடுப்பேன். பாதி வாய்க்குள் போய்விடும், போகட்டும். ஒன்பது வயதுக்காரன் கேரட்டை நறுக்குகிறான். முனை மழுங்கிய சின்னக் கத்தி, அடியில் ஈரத்துணி விரித்த பலகை. துணி இல்லாவிட்டால் பலகை வழுக்கும்; கையை வெட்டிக்கொள்வது பெரும்பாலும் கத்தி கூர்மையாக இருப்பதால் அல்ல, பலகை நகருவதால்தான் என்பது என் எண்ணம். காய்ந்த மிளகாயையும் சில்லி பாடியையும் மட்டும் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. கண்ணைக் கசக்கிவிட்டால் அன்றைய சமோசா அதோடு முடிந்தது.

தோலுக்கு இரண்டு வழி. ஒன்று, கடையில் உறைய வைத்து விற்கும் பொப்பியா தோல். நம் நாட்டில் வீடுகளிலும் சின்ன வியாபாரங்களிலும் மெல்லிய சமோசா பெரும்பாலும் இதில்தான் நடக்கிறது. இன்னொன்று, வீட்டில் பிசைந்து தேய்ப்பது. வடநாட்டுப் பாணியில் தடித்த, கொரகொரப்பான கூம்புச் சமோசா. பிள்ளைகளோடு முதல் முறை செய்கிறவர்கள் பொப்பியா தோலில் தொடங்குவதே நல்லது. இதைச் சொன்னால் "அது வீட்டில் செய்ததாகுமா" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆகும். பிள்ளை மடித்தால் அது வீட்டுச் சமோசாதான்.

எட்டரை அங்குலச் சதுரத் தோல் ஒன்றை நீளவாக்கில் மூன்று பட்டைகளாக வெட்டினால் ஒரு தோலுக்கு மூன்று சமோசா. மேலே சொன்ன பூரணத்துக்குப் பன்னிரண்டு தோல் போதும். முப்பத்தாறு சின்னச் சமோசா வரும். பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு என்ற வாய்பாட்டை என் மகன் பள்ளிப் புத்தகத்தில் மறந்தாலும் இங்கே மறப்பதில்லை. வீட்டில் நான்கு பேர், தலைக்கு ஒன்பது என்று அவனே வகுத்தும்விடுவான். தோலை முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் ஓரம் காய்ந்து நொறுங்கும். பிரித்தெடுத்த தோல்களை ஈரம் பிழிந்த துணியால் மூடி வைப்பது முக்கியம். விசிறிக் காற்று பட்டால் ஐந்தே நிமிடத்தில் அப்பளமாகிவிடும். முட்டைகூடச் சேர்க்காத கண்டிப்பான சைவக்காரர்கள் உறையில் போட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குவது நல்லது.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்தால் போதும். தோசை மாவு பதத்தைவிடக் கெட்டியாக, பள்ளிக்கூடப் பசை மாதிரி இருக்க வேண்டும். இதைக் கலக்கும் பொறுப்பு முழுக்க மகளுடையது. ஒரு நாள் நீர்த்துப் போனது, ஒரு நாள் கட்டியாகிப் போனது, இப்போது என்னைவிட நன்றாகக் கலக்குகிறாள்.

மடிப்பைச் சொல்லில் விளக்குவது சிரமம், ஆனாலும் முயல்கிறேன். பட்டையை மேசையில் உங்களுக்கு நேராக நீளவாக்கில் வையுங்கள். உங்கள் பக்கத்து ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி பூரணம், நிரப்பமாக அல்ல, வழித்த அளவு. வலது மூலையைத் தூக்கி இடது ஓரத்தோடு சேருங்கள், முக்கோணம் வந்துவிட்டது. அந்த முக்கோணத்தை அப்படியே மேல்நோக்கி ஒரு முறை புரட்டுங்கள். பிறகு இடது மூலையை வலது ஓரத்துக்கு. மறுபடி மேலே. பட்டை தீரும்வரை இப்படியே போய், கடைசி நாக்கில் பசை தடவி ஒட்டிவிட வேண்டும். பிள்ளைகள் செய்யும் தவறு இரண்டே இரண்டு. ஒன்று, பூரணத்தை அள்ளி வைப்பது. மற்றொன்று, முதல் மடிப்பைத் தளர்வாக விடுவது. முதல் மடிப்பு தளர்ந்தால் கடைசி மடிப்பை எவ்வளவு இறுக்கினாலும் மூலையில் ஓட்டை விழும். அதனால் முதல் ஐந்து பட்டைகளைப் பூரணம் இல்லாமல் வெறுமனே மடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், பழைய நாளிதழை அதே அகலத்தில் வெட்டிக் கொடுத்தால் தோல் வீணாகாது. இந்தக் கட்டுரை அச்சில் வராமல் இணையத்தில் வருவதில் அது ஒன்றுதான் குறை.

மடித்து முடித்த ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் ஓர் ஆய்வாளரைத் தாண்டித்தான் தட்டுக்குப் போகும். மகள் ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மூன்று மூலையையும் பார்ப்பாள். ஒளி தெரிந்தால் பசை வைக்கத் திரும்பி வரும். அண்ணன் மடித்தது திரும்பி வந்தால் அவளுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. சண்டை வரும்; நான் தலையிடுவதில்லை. மூலை மூடியிருக்கிறதா இல்லையா என்பதற்கு எண்ணெய்தான் தீர்ப்புச் சொல்லப் போகிறது.

இதில் பெற்றோருக்கு ஒரு சோதனையும் இருக்கிறது. பிள்ளை கோணலாக மடித்ததை, அது அந்தப் பக்கம் திரும்பியதும் நாமே பிரித்து நேராக மடித்து வைக்கத் தோன்றும். நானும் செய்திருக்கிறேன். மகன் தட்டைப் பார்த்ததும், "இது நான் செஞ்சது இல்ல" என்றான். கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஓட்டை இருந்தால் அவர்களையே சரிசெய்யச் சொல்லலாம். கோணலாக மட்டும் இருந்தால் கோணலாகவே பொரித்துக் கொடுங்கள், ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.

மாவு பிசைந்து செய்ய நினைப்பவர்களுக்கு: கோதுமை மாவு 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லி. தமிழ்நாட்டுச் சமையல் குறிப்புகளில் மைதா என்று வருவது, நம் கடைகளில் சாதாரணமாகக் கோதுமை மாவு என்று விற்கும் வெள்ளை மாவு. ஆட்டா மாவு வேறு. முதலில் தண்ணீர் விடாமல் எண்ணெயை மட்டும் ஊற்றி, மாவை இரண்டு கைகளாலும் தேய்க்க வேண்டும். பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். காரணம் இதுதான்: கோதுமையில் உள்ள புரதம் தண்ணீரைச் சந்தித்தால் ரப்பர் போன்ற வலையாகிவிடும். ரொட்டி சானாய் வீசுகிறவருக்கு அந்த வலை வேண்டும், அதனால்தான் மாவு கிழியாமல் மேசை அகலத்துக்கு விரிகிறது. சமோசாவுக்கு அது வேண்டாம். எண்ணெய் முதலில் மாவைப் பூசிக்கொண்டால் தண்ணீர் வந்தாலும் வலை முழுதாகப் பின்ன முடியாது. தோல் கடித்தால் நொறுங்கும். பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். எட்டு உருண்டை. ஒவ்வொன்றையும் நீள்வட்டமாகத் தேய்த்துக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் தண்ணீர் தடவிக் கூம்பாகச் சுருட்டி, பூரணம் வைத்து வாயை அழுத்தி மூடினால் பதினாறு பெரிய சமோசா.

இனி எண்ணெய். இங்கிருந்து பெரியவர்களின் வேலை மட்டும்தான். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றாலும் பொரிக்க விட நான் சம்மதிக்க மாட்டேன். பார்க்கலாம், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று.

பொப்பியா தோல் சமோசாவுக்கும் மாவுச் சமோசாவுக்கும் சூடு ஒன்றல்ல. இதைத் தெரியாமல்தான் பலருக்கு ஒன்று கருகுகிறது, மற்றொன்று எண்ணெய் குடிக்கிறது. பொப்பியா தோல் மெல்லியது. பூரணம் ஏற்கெனவே வெந்தது. எண்ணெய் 170 முதல் 180 பாகை வரை சூடாக இருந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் காய்ந்த மரச் சாப்ஸ்டிக்கின் முனையை எண்ணெயில் விட்டுப் பாருங்கள். சுற்றிலும் குமிழ்கள் உடனே ஓயாமல் எழும்பினால் பதம். மாவுச் சமோசாவை அந்தச் சூட்டில் போட்டால் மேலே கொப்புளம் விட்டுச் சிவந்துவிடும், உள்ளே மாவு பச்சையாக இருக்கும். அதற்குச் சிறுதீ. போட்டதும் குமிழ்கள் சோம்பலாக வர வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுமையாகப் பொரித்து, கடைசியில் மட்டும் தீயைக் கொஞ்சம் கூட்டலாம். இரண்டிலுமே சட்டியை நிறைக்கக் கூடாது. குளிர்ந்த சமோசா ஒரேயடியாக விழுந்தால் எண்ணெயின் சூடு இறங்கி, தோல் இறுகுவதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும்.

சட்டியில் எண்ணெய் பாதிக்கு மேல் வேண்டாம். கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அளவான மூடி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துப்பட்டா, தளர்ந்த கை வைத்த உடுப்பு, தீபாவளிக்கு எடுத்த பளபளப்பான செயற்கை நூல் உடை எதுவும் அடுப்பருகே ஆகாது. எண்ணெய் தீப்பிடித்துவிட்டால் கேஸை மூடி, மூடியால் சட்டியை மூடுங்கள். சட்டியைத் தூக்காதீர்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் இறங்கி ஒரே கணத்தில் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வீசும். என் ஈரக் கரண்டி செய்ததும் இதைத்தான், சின்ன அளவில். தீ அடங்காவிட்டால் வீட்டிலுள்ளவர்களை வெளியேற்றிவிட்டு 999.

பிள்ளையின் மேல் எண்ணெய் தெறித்துவிட்டால் பற்பசை வேண்டாம், கிச்சாப் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் அழுகை நின்றுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். தோலின் மேற்பரப்பு ஆறினாலும் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், அதை இழுத்து வெளியேற்றத்தான் இவ்வளவு நேரம். வீக்கம் வருவதற்குள் வளையல், கைச்சங்கிலி, காப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. பிறகு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ சுத்தமான துணியையோ தளர்வாகப் போர்த்தலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. முகம், கை, மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, கொப்புளம் எழும்பியிருந்தாலோ மருத்துவமனைக்குப் போவதில் தயக்கம் கூடாது. ஆடிய காலில் ஓடாமல், 20 நிமிடத் தண்ணீர் முடித்துவிட்டுப் போங்கள்.

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எண்ணெய் ஏற்றும் முன் குளியலறையில் இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, ஒரு குவளையும் போட்டு வைக்கிறேன். குழாய் வறண்டாலும் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். வாளி குளியலறையில்தான் இருக்க வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல; பதற்றத்தில் யாராவது எடுத்துச் சட்டியில் ஊற்றிவிடக் கூடாது.

எண்ணெய் பற்றி இன்னொன்று. சட்டியில் கொதிப்பது நம்மவர் உழைப்பில் வந்த எண்ணெய். இந்நாட்டில் வணிக நோக்கோடு செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர். என் அப்பா குலை வெட்டியது அங்கிருந்து அதிகத் தூரமில்லாத இன்னொரு தோட்டத்தில். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே போகும் அளவுக்கு ஆண்டுக்கணக்கில் அண்ணாந்து பார்த்து வெட்டினார். பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. பாக்கெட்டைக் காட்டி, "இது தாத்தா மரத்து எண்ணெய்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது கணக்கில் சரியில்லைதான், ஆனாலும் அவர்கள் அந்தப் பாக்கெட்டைச் சிந்தாமல் பிடிக்கிறார்கள்.

உதவித்தொகை விலையில் 1 கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஒரே எண்ணெயைக் கறுக்கும்வரை ஓட்டும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. வடிகட்டி ஒரு முறை மறுபடி பயன்படுத்தலாம். நுரைத்தாலோ, நிறம் தேநீராகி வாடை வந்தாலோ அதோடு விட்டுவிட வேண்டும். அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். புட்டியில் நிரப்பிப் பயன்படுத்திய எண்ணெய் சேகரிக்கிறவர்களிடம் கொடுக்கலாம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் எங்கள் வீட்டில் சமோசா வாரப் பலகாரம் அல்ல, விடுமுறைப் பலகாரம். காற்றுப் பொரிப்பான் வைத்திருப்பவர்கள் பொப்பியா தோல் சமோசாவின் இரு பக்கமும் எண்ணெய் தடவி 180 பாகையில் பத்து நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பிவிட்டால் நன்றாகவே வரும். மாவுச் சமோசா அதில் கட்டைபோல் ஆகிவிடுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பொரிக்கவும் வேண்டாம். மடித்தவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைபெட்டியில் வைத்து, கல்லாக இறுகிய பிறகு உறையில் போட்டுக் கட்டினால் ஒரு மாதம் தாங்கும். பொரிக்கும்போது உருகவிடாமல், மேலே படிந்த பனியைத் துடைத்துவிட்டு, அப்படியே மிதமான சூட்டில் விட வேண்டும். புரட்டாசியில் விருந்தாளி வந்தாலும், பள்ளி விட்டு வந்து பசிக்கிறது என்று பிள்ளைகள் நின்றாலும் பத்து நிமிடத்தில் பசியாறத் தயார். காய்கறிப் பூரணம் என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எங்கள் மாடியில் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் கலந்து இருக்கிறோம். ஹலால் முத்திரையுள்ள தோலில் இறைச்சி இல்லாமல் செய்தது என்றால் எந்தக் கதவையும் யோசிக்காமல் தட்டலாம். தட்டை எடுத்துக்கொண்டு போவது பிள்ளைகளின் வேலை. போன தட்டு வெறுமனே திரும்பி வந்ததில்லை.

போன விடுமுறைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்திருந்தார். ஐம்பது வயதை நெருங்குகிறவர், அடுப்பங்கரையில் தண்ணீர் குடிக்க மட்டும் நுழைகிறவர். மகள் அவர் கையில் ஒரு பட்டையைக் கொடுத்து, "மாமா, ஃபர்ஸ்ட் மடிப்பு டைட்டா இருக்கணும்" என்றாள். ஐந்து நாளிதழ்ப் பட்டைகளை மடித்து, ஆறாவதில் பூரணம் வைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மூலையில் ஓட்டை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.